ஆயரின் கணக்கு: வெளிவேடக் குற்றச்சாட்டுக்கு ஹிப்போ நகரில் தரப்பட்ட மறுமொழி

கிறிஸ்தவ வாழ்வின்மீது சாட்டப்படும் குற்றங்கள் பலவகைப்படும். அதன் கொள்கை பகுத்தறிவுக்கு ஒவ்வாது என்பாருக்கும், அதன் வரலாற்றுச் செய்திகள் நம்பத்தக்கவையல்ல என்பாருக்கும் நூலும் சான்றும் காட்டி வாதிட முடியும். கேட்பவர் ஏற்காவிட்டாலும் வாதம் வாதமாகவே நிற்கும். 'சொல்வது ஒன்று, செய்வது ஒன்று' என்ற குற்றச்சாட்டு அந்த வகையைச் சேர்ந்ததன்று, ஏனெனில் அதைச் சாட்டுபவர் கிறிஸ்தவத்தின் அளவுகோலை மறுப்பதில்லை. அதையே கையில் எடுத்துக்கொண்டு கிறிஸ்தவரை அளக்கிறார். கத்தோலிக்கர் பெரும்பாலும் வெளிவேடம் என்றும், சீர்திருத்தச் சபையார் மாய்மாலம் என்றும் வழங்கும் இக்குற்றத்தைப் பலவீனத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. ஒருவர் தாம் மெய்யாகவே விரும்பும் நெறியிலிருந்து வழுவி, வழுவியதை மறைக்காமல் இருந்தால் அது பலவீனம். வழுவிய பின்னும், அல்லது அந்நெறியில் காலெடுத்து வைக்காமலேயே, அதில் நிற்பதாகக் காட்டிக்கொண்டு அதனால் வரும் மதிப்பை அனுபவித்தால் அது வெளிவேடம். படிப்பது இராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று தமிழ்ப் பழமொழி சுட்டுவதும் இந்த இரண்டாவதையே.

இக்குற்றச்சாட்டு எழும்போது சபைகளில் வழக்கமாகக் கேட்கும் மறுமொழிகள் மூன்று. 'மனிதரைப் பார்க்காதீர்கள், ஆண்டவரைப் பாருங்கள்' என்பது ஒன்று. 'நாம் எல்லாருமே பாவிகள்தானே' என்பது மற்றொன்று. 'என் மனச்சாட்சிக்குத் தெரியும், அது போதும்' என்பது மூன்றாவது. மூன்றுமே திருமறையிலிருந்து எடுத்தவைபோல ஒலிக்கின்றன, முதல் இரண்டில் உண்மையும் உண்டு. ஆயினும் அவை சொல்லப்படும் இடத்தைக் கவனித்தால், கேள்வி கேட்டவர் கேட்ட பொருள் எதுவோ, அதாவது பணமோ பதவியோ வீட்டுக்குள் நடந்ததோ, அது மட்டும் கவனமாக விடப்பட்டிருப்பது தெரியும். குரல் தாழ்ந்திருக்கும், கணக்கு மூடியிருக்கும். தாழ்மை என்பது குரலில் இருப்பதா, கணக்கில் இருப்பதா என்ற கேள்விக்கு, இன்றைய அல்ஜீரியாவில் அன்னாபா என வழங்கும் ஹிப்போ நகரில், ஆயர் அகுஸ்தீனார் (354–430) தம் வாழ்நாளில் மூன்று கட்டங்களில் மூன்று விதமாக விடை தந்திருக்கிறார் என்பதும், அவற்றுள் ஒன்று பாராட்டத்தக்கதன்று என்பதும் இந்தச் சொற்பொழிவின் பொருள்.

அதற்கு முன் அந்தியோக்கியாவில் நடந்ததைச் சுருக்கமாகவேனும் குறிப்பிட வேண்டும். யூதரல்லாத கிறிஸ்தவரோடு ஒரே பந்தியில் உண்டுகொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து யாக்கோபின் ஆட்கள் வந்தவுடன் அஞ்சி விலகிக்கொண்டதையும், பர்னபா உள்ளிட்ட மற்றவர்களும் அந்த நடிப்பில் சேர்ந்துகொண்டதையும், பவுல் எல்லார் முன்னிலையிலும் அவரைக் கண்டித்ததையும் கலாத்தியர் திருமடலின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. கிறிஸ்தவத்தின் எதிரியான போர்பிரி என்னும் மெய்யியலார் இதை எடுத்துவைத்துக்கொண்டு, திருச்சபையின் இரு தூண்களும் இப்படித்தான் என்று எள்ளினார். அந்த எள்ளலுக்கு விடை தேடிய எரோணிமுஸ், இலத்தீன் விவிலியத்துக்குப் பெயர்பெற்ற பேரறிஞர், இரு திருத்தூதரும் முன்கூட்டிப் பேசிவைத்துக்கொண்டு பிறருக்குப் பாடமாக அந்தக் கண்டனத்தை நடத்திக் காட்டினர் என்று விளக்கம் எழுதினார். அதாவது ஒரு வெளிவேடத்தை மறைக்க இன்னொன்றைத் திருத்தூதர்மீது ஏற்றினார். அகுஸ்தீனார் இதை ஏற்கவில்லை. அவர் எழுதிய மடல் ஒன்று உரியவர் கைக்குச் சேருமுன்பே உரோமையில் பலர் கையில் உலவியதால் எரோணிமுஸுக்குக் கோபம் மூண்டதும், நெடுநாள் கசப்புக்குப் பின்பே இருவரும் இணங்கியதும் தனிக் கதை. அந்த மடல் போக்குவரத்தின் பிற்பகுதியில் அகுஸ்தீனார் சொல்லும் ஒரு கருத்துதான் இங்கே வேண்டுவது: துணிந்து கண்டித்த பவுலைக் காட்டிலும், தமக்குப் பின் வந்த ஒருவர் கண்டித்தபோது அதைப் பொறுத்து ஏற்றுக்கொண்ட பேதுருவே அரிதான, மேலான முன்மாதிரியை விட்டுச்சென்றார் என்பது அவர் மதிப்பீடு. பேதுரு அங்கே என்ன மறுமொழி சொன்னார் என்று திருமடல் எதையும் பதிவு செய்யவில்லை.

பேதுருவை இவ்வாறு புகழ்ந்தவருக்கும் அப்படிப்பட்ட சோதனை வந்தது. வட ஆப்பிரிக்கத் திருச்சபை அக்காலத்தில் இரண்டாகப் பிளந்து கிடந்தது. 303இல் தொடங்கிய தியோக்கிலேசியன் பேரரசரின் கொடுமையின்போது திருநூல்களை அதிகாரிகளிடம் ஒப்படைத்த ஆயர்கள் தகுதியிழந்தவர் என்றும், அத்தகையோர் கையால் பெற்ற திருப்பட்டமும் திருமுழுக்கும் செல்லாது என்றும் ஒரு பிரிவினர் கூறினர். அவர்களுடைய தலைவர் தொனாத்துஸின் பெயரால் அவர்கள் தொனாத்துவாதிகள் எனப்பட்டனர். திருப்பணியாளரின் தூய்மையே திருப்பணியின் செல்லுபடிக்கு அடிப்படை என்று கொள்ளும் ஓர் இயக்கத்துக்கு, எதிரணி ஆயரின் பழைய வாழ்க்கையைவிடக் கூர்மையான ஆயுதம் வேறில்லை. கிர்த்தா நகரின் தொனாத்து ஆயரும் முன்னாள் வழக்கறிஞருமான பெத்திலியன் அதை எடுத்தார். அகுஸ்தீனார் இளமையில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் மானி சமயத்தில், அதாவது ஒளியும் இருளும் என்னும் இரு முதற்பொருள்களின் போரே உலகம் என்று போதித்த பாரசீகச் சமயத்தில், இருந்தவர். ஆப்பிரிக்காவில் அச்சமயத்தாரை ஆளுநர் தண்டித்தபோது தப்பியோடியவர். மணமான பெண்ணொருத்திக்கு வசிய மருந்து கொடுத்தார் என்று அவரை ஆயராக்க வேண்டிய மெகாலியுஸே ஒருமுறை எழுதியிருக்கிறார். இப்படிப்பட்டவர் இன்று பரிசுத்தம் பேசுகிறார் என்பது பெத்திலியனின் குற்றப்பத்திரிகை.

விடையாக எழுதிய நூலில் அகுஸ்தீனார் மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டவில்லை. ஆளுநருக்கு அஞ்சி ஓடினார் என்பது தேதியளவில் பொய். பவுத்தோ கான்சலாகப் பதவியேற்ற 385 சனவரி முதல் நாளில் தாம் மிலான் நகரில் அவரைப் புகழ்ந்து அரங்குரை ஆற்றியதையும், ஆளுநரின் விசாரணை அதற்குப் பிந்தியது என்பதையும் காட்டி அதை முடித்துவிடுகிறார். மெகாலியுஸ் தம் மடலுக்காக வருந்தி மன்னிப்புக் கேட்டுப் பின்பு தம் கையாலேயே அவரைத் திருப்பொழிவு செய்தார் என்பதும் ஆயர்கள் அறிந்த செய்தி. ஆனால் திருமுழுக்குக்கு முந்திய வாழ்க்கை என்ற பெரும்பகுதியில் அவர் பெத்திலியனோடு வழக்காட மறுக்கிறார். எதிரி எவ்வளவு கடுமையாகப் பழித்தாலும் அந்த வாழ்க்கையைத் தாமே அதைவிடக் கடுமையாகப் பழிப்பதாகச் சொல்லி ஒதுங்கிக்கொள்கிறார். இது வெறும் சொல்லணியாக நின்றுவிடவில்லை, ஏனெனில் 397ஐ ஒட்டிய ஆண்டுகளில் தொடங்கி எழுதிய தம் பாவ அறிக்கை நூலில், உடன் வாழ்ந்த பெண்ணையும் திருடிய பேரிக்காயையும் பதவி ஆசையையும் அவர் ஊரறிய எழுதிவைத்தார். மறைக்காததை அம்பலப்படுத்த யாராலும் இயலாது. தாம் நல்லவராயினும் தீயவராயினும் திருச்சபையின் உண்மை தம்மேல் நிற்கவில்லை என்ற முடிவுரையும் அந்த நூலில் உண்டு. இன்று 'மனிதரைப் பார்க்காதீர்கள்' என்பவர்கள் இந்தக் கடைசிப் படியில் மட்டும் வந்து நின்றுகொள்கிறார்கள். அதற்கு முந்திய படிகளை அவர் ஏறியே அங்கு வந்தார்.

பெத்திலியனுக்குத் தந்த விடை, என்னதான் இருந்தாலும், கடந்த காலத்தைப் பற்றியது. முடிந்துபோன தவற்றை ஒப்புக்கொள்வதில் ஓர் இன்பமும் புகழும்கூட உண்டு. நடப்புக் காலத்தின் தவறு, அதுவும் சொந்த வீட்டுக்குள் நடந்தது, வெளிப்படும்போதுதான் தாழ்மைக்கு விலை கொடுக்க நேர்கிறது. அகுஸ்தீனாருக்கு அந்த வேளை எழுபது வயது கடந்தபின் வந்தது.

391இல் குருவாகவும் சில ஆண்டுகளில் ஆயராகவும் ஆனபோது, தம் இல்லத்தில் தம்மோடு வாழும் குருக்களும் திருத்தொண்டர்களும் எதையும் தமதென்று வைத்துக்கொள்ளாமல், எருசலேமின் முதல் கிறிஸ்தவரைப்போல எல்லாவற்றையும் பொதுவில் வைத்து வாழ வேண்டும் என்று அவர் நியமம் செய்தார். திருத்தொண்டர் என்பார் குருவுக்கு அடுத்த நிலையில் நின்று வழிபாட்டிலும் ஏழைகளுக்கான பணியிலும் உதவும் திருநிலையினர். அந்த இல்லத்தின் வறுமை ஹிப்போ மக்களுக்குப் பெருமையாக இருந்தது. ஆயரும் அதைப் பெருமையோடு சொல்லிவந்தார். 425ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் அந்த இல்லத்தைச் சேர்ந்த குரு ஜனுவாரியுஸ் இறந்தபோது அவர் ஓர் உயில் எழுதிவைத்திருந்தது தெரியவந்தது. எதுவும் இல்லாதவர் எதற்கு உயில் எழுதினார் என்று ஊர் கேட்டது. அவரிடம் பணம் இருந்திருக்கிறது. பெண் துறவியர் மடத்தில் வளர்ந்துவந்த தம் சிறுவயது மகளுடையது அது, அவளுக்கு முடிவெடுக்கும் வயது வரும்வரை காத்து வைத்திருப்பதாகச் சொல்லிவந்தவர், மரணப் படுக்கையில் அதைத் தமது என்று சாற்றி, மகளையும் மகனையும் விலக்கிவிட்டு ஹிப்போ திருச்சபையையே வாரிசாக்கியிருந்தார். மகளோ அது தனது என்றாள். மகனோ தந்தை கடைசியில் சொன்னதையே நம்ப வேண்டும் என்றான்.

அகுஸ்தீனார் மக்களை அழைத்துவைத்து, பிற்காலத்தில் 355ஆம் எண்ணிட்டு வழங்கும் மறையுரையில், இதை முழுவதும் சொன்னார். ஆயர் இல்லத்தின் ஒழுங்கு இப்படி, அதில் இப்படி ஒருவர் இருந்தார், அதைத் தாம் அறியவில்லை என்பதைச் சுற்றிவளைக்காமல் வைத்தார். அந்தப் பணம் திருச்சபைக்கு வேண்டாம் என்று மறுத்தார். உயிலை ஏற்றால் அந்தப் பொய்யில் திருச்சபையும் பங்காளியாகும் என்பது காரணம். இங்கே நின்று கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. வெளிவேடத்தால் கிடைத்த ஆதாயத்தைக் கையில் வைத்துக்கொண்டே வெளிவேடத்துக்காக வருந்துவது நிறுவனங்களுக்கு மிக எளிது; நன்கொடையைப் பெற்றுக்கொண்டு நன்கொடையாளரின் ஒழுக்கத்தைப் பற்றி மௌனம் காப்பது அதைவிட எளிது. ஹிப்போவில் ஆதாயம் முதலில் திருப்பப்பட்டது, வருத்தம் பிறகு தெரிவிக்கப்பட்டது. ஆயர் தமக்கு வரும் சொத்துகளைத் தட்டிக்கழிப்பதால்தான் ஹிப்போ திருச்சபைக்கு யாரும் எதுவும் எழுதிவைப்பதில்லை என்ற முணுமுணுப்பு அங்கே ஏற்கெனவே இருந்தது என்பதையும் அவரே அந்த மறையுரையில் சொல்கிறார். கப்பல் உரிமையாளர் ஒருவர் விட்டுச்சென்ற சொத்தை அவர் ஏற்கவில்லை: கப்பல் மூழ்கினால் தப்பிவந்த மாலுமிகளைச் சித்திரவதை செய்து விசாரிப்பது அக்காலச் சட்டம், அரசுக்கு இழப்பீடு கட்டச் சேமநிதி வேண்டும், பிச்சைக்காரனின் கையை வெறுமையாக அனுப்பிவிட்டுப் பொன்னைச் சேர்த்துவைப்பது ஆயருக்கு அழகன்று என்பது அவர் கூறிய நியாயம். பிள்ளைகள்மீது கோபம் கொண்டு திருச்சபைக்கு எழுதிவைப்போரின் சொத்தும் வேண்டாம்; இரண்டு மக்கள் இருந்தால் கிறிஸ்துவை மூன்றாம் மகனாக எண்ணிப் பங்கு பிரித்தால் போதும் என்பது அவர் அறிவுரை.

மறையுரையின் தொடக்கத்திலேயே மனச்சாட்சி, நற்பெயர் என்ற இரண்டையும் அவர் பிரித்துவைக்கிறார். மனச்சாட்சி ஒருவருக்குத் தமக்காக, நற்பெயர் அயலாருக்காக. மனச்சாட்சி தூயதென்று நம்பி நற்பெயரைப் பொருட்படுத்தாதவர், தம்மைப் பார்த்துத் தடுமாறுவோர்மீது இரக்கமில்லாதவர் என்று அவர் கருதுகிறார். 'என் மனச்சாட்சிக்குத் தெரியும்' என்ற மறுமொழியின் உள்ளீடின்மை இதனால் விளங்கும், ஏனெனில் கேள்வி கேட்டவருக்கு அந்த மனச்சாட்சி தெரியாது; அவருக்குத் தெரிவது வீடும் நிலமும் உடையும்தான்.

அடுத்து அவர் செய்தது எதிர்பாராதது. பொது வாழ்வை ஏற்காதவருக்குத் திருப்பட்டம் இல்லை என்று முன்பு தாம் வகுத்திருந்த விதியை அவர் மக்கள் முன்னிலையில் தளர்த்தினார். சொந்தச் சொத்து வைத்துக்கொள்ள விரும்புவோர் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுத் தனியே வாழலாம், திருப்பட்டம் பறிக்கப்படாது. வேடம் போடுவோர் மட்டும் தமக்கு வேண்டாம். எடுத்த நோன்பிலிருந்து விழுவது தீது, நோன்பிருப்பதாக நடிப்பது அதனினும் தீது என்பது அவர் தந்த காரணம். விதி எவ்வளவு உயரமானதோ அவ்வளவு நடிப்புக்கு இடம் உண்டு என்பதையும், ஜனுவாரியுஸின் பொய்யில் ஒரு பங்கு அந்த விதியின் இறுக்கத்துக்கும் உரியது என்பதையும் அவர் உணர்ந்திருந்தார் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது. குற்றம் வெளிப்பட்டவுடன் விதிகளை இன்னும் கடுமையாக்கித் தூய்மையைக் காட்டிக்கொள்ளும் சபைகள் இந்த இடத்தை நிதானமாகப் படிப்பது நல்லது. முடிவு சொல்வதற்குத் திருக்காட்சி விழா வரை, அதாவது கீழ்த்திசை ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டு வணங்கியதை நினைவுகூரும் சனவரி ஆறாம் நாள் வரை, தவணை தந்தார்.

அந்த விழா கழிந்து, 426இன் தொடக்கத்தில், 356ஆம் மறையுரை நிகழ்ந்தது. திருத்தொண்டர் லாசருஸ் திருத்தூதர் பணிகள் நூலிலிருந்து பொதுவுடைமை வாழ்வைச் சொல்லும் பகுதியை வாசித்தார். ஆயர் நூலைக் கையில் வாங்கித் தாமும் அதையே மறுபடி வாசித்தார். பிறகு வந்தது மறையுரை என்பதைவிடத் தணிக்கை அறிக்கை என்றே சொல்லத்தக்கது. இல்லத்திலிருந்த திருநிலையினர் ஒவ்வொருவரின் நிலையும் பெரும்பாலும் பெயரோடு சொல்லப்பட்டது. வலேன்ஸ் என்ற திருத்தொண்டரின் நிலம் அவர் சகோதரரோடு பாகம் பிரிக்காமல் கிடக்கிறது. பார்வையிழந்த செவேருஸ் தாய்க்கும் சகோதரிக்கும் வீடு வாங்கியிருக்கிறார். செல்வரான எராக்கிளியுஸின் பணம் புனித ஸ்தேவானின் நினைவுக் கூடமாக எல்லார் கண்முன்னும் நிற்கிறது. ஆயரின் உறவினரான துணைத் திருத்தொண்டரின் சொத்து, தாய் உயிரோடிருந்தவரை அவர் அனுபவத்தில் இருந்ததால் தீராமல் இருந்தது, தாய் இறந்துவிட்டதால் இனிச் சகோதரிகளோடு பேசி முடிக்க வேண்டும். உறவினரின் கணக்கு மற்றவர்களுடையதைப் போலவே அவையில் படிக்கப்பட்டது. குரு பர்னபா நிலம் வாங்கினார் என்று ஊரில் பரவிய பேச்சு பொய் என்றும், அது மடம் கட்டுவதற்காகக் கொடையாக வந்தது என்றும், அதற்குத் தாமே சாட்சி என்றும் ஆயர் கூறினார். பழி உண்மையாக இருக்கும்போது ஏற்பதும் பொய்யாக இருக்கும்போது இன்னொருவருக்காக மறுப்பதும் ஒரே நாளில், ஒரே குரலில் நடந்தன. பணிவு என்ற பெயரில் சக ஊழியரைப் பொய்ப்பழிக்கு விட்டுக்கொடுக்கவில்லை.

தம்மையும் அவர் விடவில்லை. விலையுயர்ந்த மேலங்கியைத் தமக்குக் கொடுக்க வேண்டாம், கொடுத்தால் விற்றுப் பொதுவில் சேர்ப்பதே வழக்கம் என்றார். எளிய குடும்பத்தில் பிறந்தவர் தந்தை வீட்டில் உடுத்த முடியாததை ஆயர் பதவியில் உடுத்துகிறார் என்று பேச இடம் தரலாகாது, தாம் போதிப்பதற்கும் தம் நரைத்த தலைக்கும் அது பொருந்தாது என்று காரணமும் சொன்னார். எல்லாரும் பொது வாழ்வையே தேர்ந்துவிட்டதால், இனி மறைவாகச் சொத்து வைத்திருப்பவர் பெயர் திருநிலையினர் பட்டியலிலிருந்து நீக்கப்படும் என்றும் அறிவித்தார். அந்த அவையில் சில திருத்தொண்டர்கள் தம் அடிமைகளை விடுவித்ததும் சொத்துத் துறப்பின் ஒரு பகுதியாகவே நடந்தது; மனிதரைச் சொத்துக் கணக்கில் எழுதுவதே தகுமா என்று யாரும் கேட்கவில்லை. தம்மை அளக்கத் தயங்காதவரும் தம் காலம் கையில் கொடுத்த கோலால்தான் அளக்கிறார்.

பணத்தில் இவ்வளவு திறந்த மனம் காட்டியவர் அதிகாரத்தில் அவ்வாறு காட்டவில்லை. தொனாத்துவாதிகளை அரசுச் சட்டத்தால் வற்புறுத்திக் கத்தோலிக்கத் திருச்சபைக்குள் கொண்டுவருவதை அவர் தொடக்கத்தில் எதிர்த்தார். வெளிப்படையான எதிரிகள் போலிக் கத்தோலிக்கராக மாறிவிடுவார்கள் என்பதே அவர் அச்சம் என்று 408ஐ ஒட்டி வின்சென்சியுஸ் என்பவருக்கு எழுதிய மடலில் அவரே சொல்கிறார். பிறகு தம் பிறந்த ஊரான தகாஸ்தே முழுவதும் சட்டத்துக்கு அஞ்சி மாறி, மாற்றத்தில் நிலைத்ததைக் கண்டு கருத்தை மாற்றிக்கொண்டதாகவும் எழுதுகிறார். அன்பைப் போதிப்பவர்கள் படைவீரரை அனுப்புகிறார்களே என்று தொனாத்துவாதிகள் கேட்டது முழுமையான வெளிவேடக் குற்றச்சாட்டு. அதற்கு அவர் தந்தது வாதம். நீண்ட, திறமையான வாதம். 411இல் கார்த்தேஜில் அரச ஆணைப்படி இரு தரப்பு ஆயர்களும் கூடியபோது, தோற்றால் தங்கள் ஆயர் பதவிகளை விட்டுவிடவும், வென்றால் எதிர்த்தரப்பு ஆயர்களோடு அவற்றைப் பகிர்ந்துகொள்ளவும் கத்தோலிக்க ஆயர்கள் எழுத்தில் உறுதி தந்தனர் என்பதும், தம் குருக்களைத் தாக்கிக் கொன்ற தொனாத்துவாதிகளுக்கு மரண தண்டனையோ உறுப்புச் சிதைப்போ கூடாது என்று அகுஸ்தீனார் நீதிபதி மார்செல்லினுஸிடம் மன்றாடினார் என்பதும் அவர் பக்கத்தில் எழுத வேண்டியவை. எனினும் மறுஆண்டில் வந்த அபராதச் சட்டத்தை அவர் எதிர்க்கவில்லை. 'வேடம் போடுவோர் வேண்டாம்' என்று தம் இல்லத்தாரிடம் சொன்னவர், வேடம் போடாவிட்டால் அபராதம் என்ற நிலையைத் தம் மாநில மக்களுக்கு ஏற்படுத்திய சட்டத்தின் துணைவராக இருந்தார். பின்வந்த நூற்றாண்டுகளில் மதக் கட்டாயத்தை நியாயப்படுத்தியவர்கள் அவருடைய இந்த வாதங்களைத்தான் எடுத்தாண்டார்கள். ஹிப்போவின் கணக்கறிக்கையை எடுத்தாண்டவர்கள் குறைவு.

ஆகவே அகுஸ்தீனாரிடம் கற்க வேண்டியது அவருடைய மனப்பாங்கை அன்று, அந்த இரண்டு மறையுரைகளின் செய்முறையை. அது சபைக் கணக்கையும் பள்ளி நியமனங்களையும் பற்றிக் கேள்வி எழும் எந்தப் பங்கிலும் பின்பற்றக்கூடியது. கேள்வி கேட்டவரின் உள்நோக்கத்தை ஆராயும் கட்டம் அதில் எங்குமே இல்லை என்பதைப் பங்குப் பேரவைகளும் சபைக் குழுக்களும் சற்றே உற்றுப் பார்க்கலாம்.

430ஆம் ஆண்டு ஆகஸ்டு 28ஆம் நாள், வாண்டல் படைகள் ஹிப்போவை முற்றுகையிட்டிருந்த வேளையில், அகுஸ்தீனார் எழுபத்தைந்து வயதில் இறந்தார். உடனிருந்து அவர் வரலாற்றை எழுதிய ஆயர் பொசிதியுஸ், அவர் உயில் எதுவும் எழுதவில்லை என்றும், எழுதுவதற்கு அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை என்றும், திருச்சபையின் நூலகத்தைக் கவனமாகப் பேண வேண்டும் என்பதையே எப்போதும் வலியுறுத்திவந்தார் என்றும் பதிவு செய்திருக்கிறார்.